நான்கு 'எஸ்' எழுத்துகள்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர். வயது எழுபதுக்கு மேல். உங்கள் அப்புச்சி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவில் வாழும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பேரனைப் பார்க்க, கோவையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து வேறு விமானம் ஏறவேண்டும். பெட்டியை எடை போட்டாயிற்று. போர்டிங் பாஸ் என்னும் சீட்டும் கைக்கு வந்தாயிற்று. அமெரிக்கா செல்லும் விமானத்துக்குரிய சீட்டின் ஓரத்தில் ஆங்கில 'எஸ்' எழுத்து நான்கு முறை அச்சாகியிருக்கிறது.

"இது என்னங்க அம்மிணி?" என்று அப்புச்சி கேட்கிறார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா, வழியில இன்னொரு தரம் சோதனை பண்ணுவாங்க."

"நாம என்னங்க தப்புப் பண்ணினோம்?"

சீட்டுக் கொடுத்த பெண்ணிடம் இதற்கு விடை இல்லை. அவளுக்கும் தெரியாது. அந்த நான்கு எழுத்துகளை அவள் போடவில்லை. கோவை விமான நிலையமும் போடவில்லை. அவை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் கணிப்பொறியிலிருந்து வந்தவை. 'செகண்டரி செக்யூரிட்டி ஸ்கிரீனிங் செலக்ஷன்' என்பதன் முதலெழுத்துகளே அவை. இரண்டாம் நிலைப் பாதுகாப்புச் சோதனைக்குத் தேர்வானவர் என்பது பொருள். அப்புச்சியின் கேள்வி நியாயமானது. விஞ்ஞானம் படிக்கும் நாம் அதற்கு விடை தேடிப் பார்ப்போம்.

முதலில் ஒரு செய்தி. இந்திய விமான நிலையங்களில் எல்லாருக்குமே கைச்சோதனை உண்டு. கோவையிலும் கதவுச் சட்டம் போன்ற உலோகம் காட்டும் கருவியைக் கடந்தபின், காவலர் ஒருவர் கையில் பிடிக்கும் கருவியால் உங்களைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்ப்பார். பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் பெண் காவலர். சுதந்திர தினம், குடியரசு தினம் வரும்போது விமானத்தில் ஏறும் இடத்திலேயே இன்னொரு சோதனையும் நடப்பதுண்டு. ஆகவே நம்மவர்க்குச் சோதனை புதிதல்ல. எல்லாரையும் சோதித்தால் யாரும் வருந்துவதில்லை. நூறு பேர் நிற்கும் வரிசையில் நம்மை மட்டும் தனியே அழைத்தால்தான் மனம் சுருங்குகிறது.

அப்படித் தனியே அழைக்கப்பட்டவர்களில் பெரியவர்களும் உண்டு. 2009 ஏப்ரலில், டில்லியிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறவிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் காலணியைக் கழற்றச் சொல்லிச் சோதிக்கப்பட்டார். இந்தியாவில் முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு இச்சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அமெரிக்க விதியில் அத்தகைய விலக்கு இல்லை என்றது விமான நிறுவனம். ஜூலையில் செய்தி வெளிவந்து நாடாளுமன்றமே கொதித்தபோது மன்னிப்பும் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கிலும் இது நிகழ்ந்தது. விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட அவரது மேலங்கியையும் காலணியையும் சோதனைக்கு எடுத்துச் சென்றார்கள். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. வாழ்நாளெல்லாம் ஏவுகணைகளோடு பழகிய அந்த விஞ்ஞானி இரண்டு முறையும் ஒரு சொல்லும் முறையிடவில்லை. ஊரார்தான் முறையிட்டார்கள்.

சோதனை ஏன் வந்தது?

1984 ஆகஸ்டு 2 அன்று இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் இறந்தனர். கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று பெட்டிகளை ஒப்படைத்த பயணி விமானம் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்திலேயே தங்கிவிட்டன. அவற்றுள்தான் குண்டு இருந்தது. மறு ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேலே வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். அங்கும் இதே கதைதான். கனடாவின் வான்கூவரில் பெட்டியைக் கொடுத்த ஆள் வரவில்லை. பெட்டி மட்டும் பயணம் செய்தது. கொடுமை என்னவென்றால், டொராண்டோ நகரில் பெட்டிகளைப் பார்க்க வேண்டிய எக்ஸ்-கதிர்க் கருவி அன்று பார்த்துப் பழுதாகிவிட்டது. கையில் பிடிக்கும் மோப்பக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள்.

இன்று நீங்கள் விமான நிலையத்தில் காத்திருக்கும்போது, வராத பயணி ஒருவரின் பெயரை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அழைப்பதைக் கேட்கலாம். அவர் வராவிட்டால் அவர் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் புறப்படும். தாமதமாகிறதே என்று முணுமுணுப்பவர்கள் மீனம்பாக்கத்தையும் கனிஷ்காவையும் அறியாதவர்கள்.

நம் நாட்டில் இவ்விதிகளை வகுக்கும் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு 1978 ஜனவரியில் ஒரு சிறு அலுவலகமாகத் தொடங்கியது. கனிஷ்காவுக்குப் பின், 1987 ஏப்ரலில் தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் நேபாளத்திலிருந்து வந்த இந்திய விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டதன் பின், காவல் பொறுப்பு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது.

யாரை அழைப்பது?

எல்லாரையும் ஒரு மணி நேரம் துருவிப் பார்க்க நேரமும் ஆளும் இல்லை. ஆகவே சிலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: சில அடையாளங்களை வைத்துத் தேர்வது, சீட்டுக் குலுக்கித் தேர்வது, பெயர்ப் பட்டியலை வைத்துத் தேர்வது. அப்புச்சிக்கு எந்த வழியில் நான்கு எழுத்துகள் வந்தன என்பதை அமெரிக்கத் துறை யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் மூன்று வழிகளின் கணக்கும் நமக்குத் தெரிந்த கணக்குதான்.

அடையாளம் பார்ப்பது முதல் வழி. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் கணிப்பொறி ஒன்று பயணச்சீட்டு விவரங்களைப் பார்த்து, ஐயத்துக்குரியவர்களைப் பொறுக்கத் தொடங்கியது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்கள் 19 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை இக்கணிப்பொறி சரியாகவே பொறுக்கி எடுத்திருந்தது என்பதை விசாரணைக் குழு பின்னர் கண்டது! பிறகு ஏன் தடுக்கவில்லை? பொறுக்கப்பட்டவர் விமானம் ஏறும்வரை அவருடைய பெட்டியை ஏற்றாமல் வைத்திருக்கவேண்டும் என்பது மட்டுமே அன்றைய விதி. ஆளைச் சோதிக்கவேண்டும் என்று விதி இல்லை. பெட்டி மட்டும் பயணம் செய்யும் ஆபத்துக்காக வகுத்த விதி, ஆளே சாகத் துணிந்து ஏறும் ஆபத்துக்குப் பயன்படவில்லை.

அடையாளம் பார்ப்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அதை 2002-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள். அவர்கள் வாதம் இதுதான். தீய கூட்டம் ஒன்றில் பத்துப் பேர் இருக்கட்டும். அவர்கள் பத்துப் பேரும் வெறுங்கையோடு சில முறை விமானத்தில் போய் வரட்டும். எவரைக் கணிப்பொறி அழைக்கிறது, எவரை விட்டுவிடுகிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். பிறகு, ஒருமுறையும் அழைக்கப்படாத ஆளைப் பார்த்துக் குண்டோடு அனுப்பினால் போதும். அடையாளம் மாறாதது என்பதே அதன் பலவீனம். திருவிழாக் கடையில் வளையம் எறியும் ஆட்டத்தில், எந்தப் பொம்மைக்கு வளையம் விழும் என்று பார்த்து வைத்துக்கொண்டு காசு கட்டுவதைப் போன்றது இது. அதனால் சீட்டுக் குலுக்குவதே மேல் என்றார்கள் அம்மாணவர்கள்.

சீட்டுக் குலுக்கல் தமிழர்க்குப் பழைய செய்தி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 920-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்லுகின்றன. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏன் சிறுவன்? பெரியவன் கைக்கு விருப்பு வெறுப்பு உண்டு. அவனையறியாமலே அது ஓர் ஓலையை நாடும். இன்றைய காவலரிடம், "யாரையாவது பத்துப் பேரை அழையுங்கள்" என்று சொன்னால், தாடி வைத்தவர், வேறு நிறத்தவர், தன் மொழி பேசாதவர் என்று அவர் கண் போகும். அது குலுக்கல் ஆகாது. மெக்சிகோ நாட்டின் சுங்கச் சாவடிகளில் பயணியே ஒரு பொத்தானை அழுத்தும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் பெட்டியைத் திறக்கவேண்டும். அங்கே குடத்தில் கைவிட்ட சிறுவன், ஒரு மின் விளக்கு.

குலுக்கலின் பலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவரை அழைப்பதாகக் கொள்வோம். ஒருவன் ஒருமுறை தப்பிக்கும் நிகழ்தகவு 0.9. நான்கு பேர் கொண்ட கூட்டம் முழுவதும் தப்பிக்க வேண்டுமானால் 0.9-ஐ நான்கு முறை பெருக்கவேண்டும். விடை 0.656. பத்துப் பேர் என்றால் 0.349 மட்டுமே. அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவர்களில் ஒருவனேனும் மாட்டிக்கொள்வான் என்பது. முன்னோட்டம் பார்த்தும் பயனில்லை. நேற்றைய குலுக்கல் இன்றைய குலுக்கலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்தப் பலத்துக்கு ஒரு விலை உண்டு. குலுக்கல், அப்புச்சியையும் விடாது, கலாமையும் விடாது. எவரையேனும் விட்டுவிட்டால் அது குலுக்கலாக இராது.

கையில் தடவும் துணி

அப்புச்சி சிங்கப்பூரில் தனியே அழைக்கப்படுகிறார். இடுப்புக் கச்சையை அவிழ்க்கச் சொல்லுகிறார்கள். (காலணியைக் கழற்றும் விதி, 2001 டிசம்பரில் ஒருவன் காலணியில் வெடிமருந்தோடு விமானம் ஏறியதன் விளைவு. அமெரிக்க நிலையங்கள் பொதுப் பயணிகளுக்கு அதை 2025 ஜூலையில்தான் கைவிட்டன.) உலோகம் காட்டும் கருவி கீச்சென்று அலறுகிறது. காரணம், வெள்ளி அரைஞாண் கொடி! அக்கருவியில் உள்ள கம்பிச்சுருள் நொடிக்குப் பல முறை காந்தப்புலத்தைத் தோற்றுவித்து மறைக்கிறது. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அதைத்தான் கருவி உணர்கிறது. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. அதிலும் கொடி இடுப்பைச் சுற்றிய முழு வளையம். கருவி பேசாமல் இருந்தால்தான் வியப்பு.

கைப்பையை எக்ஸ்-கதிர்க் கருவி பார்க்கிறது. இரண்டு வேறு ஆற்றல் கொண்ட கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என ஒப்பிட்டால், பொருளின் அணு எண் ஏறத்தாழத் தெரிந்துவிடும். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான தனிமங்களால் ஆனவை திரையில் ஆரஞ்சு நிறம், இரும்பு முதலிய உலோகங்கள் நீலம், இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாதபடி தடித்தவை கறுப்பு. கோவைக்காரர்கள் மகளுக்கென்று ஆசையாக எடுத்துப்போகும் கிரைண்டர்க் கல் பெட்டிக்குள் ஒரு கரும்பூதமாகத் தெரியும். திறந்து காட்டத்தான் வேண்டும். ஆரஞ்சு நிறம் இன்னும் தொல்லை. வெடிமருந்தும் இலேசான தனிமங்களே. நெய்யும் சர்க்கரையும் கடலைமாவும் அவையே. ஒரு கிலோ மைசூர்பாகு திரையில் கட்டியான ஆரஞ்சுப் பாளமாகத் தோன்றும். காவலர் அதைப் பிரித்துப் பார்ப்பது ஆசையினால் அல்ல. கொப்பரைத் தேங்காயின் கதை வேறு. எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரை குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றும் தன்மையது. அதனால் விமானத்துக்கு ஆபத்தான பொருள்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. பொள்ளாச்சிக்காரர்கள் இதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து ஒரு சிறு துணியால் அப்புச்சியின் உள்ளங்கையையும், பையின் கைப்பிடியையும் தடவுகிறார்கள். துணியை ஒரு கருவியில் செருகினால் சில நொடிகளில் விடை வருகிறது. இதுதான் இந்தச் சோதனையிலேயே மிக அழகான பகுதி.

துணியில் ஒட்டிய துகள்கள் இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டு ஆவியாகின்றன. ஆவி மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி அவை அயனிகளாக்கப்படுகின்றன. பிறகு ஒரு குழாயில் மின்புலம் அவற்றை இழுக்கிறது; குழாயில் எதிரே காற்று வந்து முட்டுகிறது. கோனியம்மன் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் எதிர்த்திசையில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒல்லியான பையன் இடுக்கில் புகுந்து முதலில் வெளியேறிவிடுவான். இரு கையிலும் மூட்டை சுமந்த பெரியவர் முட்டி மோதித் தாமதமாக வருவார். அயனிகளும் அப்படியே. சிறியது முன்னே, பெரியது பின்னே. ஒவ்வொரு பொருளும் குழாயைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகள். அந்த நேரமே அதன் கைரேகை. கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராம் அளவில் பொருள் இருந்தாலே போதும், கருவி கண்டுகொள்ளும்.

இவ்வளவு கூர்மையே சில சமயம் வினையாகிறது. கொங்குச் சீமையில் பாறையை வெடி வைத்துப் பிளந்து கிணறு வெட்டியவர்கள் எத்தனை பேர்! தோட்டா கட்டும் இடத்தில் நின்றவர் துணியிலும் பையிலும் துகள் ஒட்டியிருக்கலாம். தோப்புக்கு நைட்ரேட் உரம் தூவிய கையிலும் இருக்கலாம். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை நைட்ரோகிளிசரின். டைனமைட்டில் ஆல்பிரட் நோபல் அடைத்ததும் அதுவே. (நோபலுக்கே முதுமையில் இதய நோய்க்கு மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். விதியின் கேலியை அவரே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.) ஆகவே கருவி அலறினால், கை குற்றம் செய்தது என்று பொருளல்ல. அந்தக் கை எதையோ தொட்டது என்பதே பொருள்.

அலறலின் கணக்கு

கோவை விமான நிலையத்தில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வந்து போகிறார்கள். கணக்குக்காக, அவர்களில் மூன்று பேர் தீயவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் மிக நல்ல கருவி ஒன்று இருக்கிறது. தீயவர் எவரையும் அது விடாது. நல்லவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும். நூற்றுக்கு ஒன்றுதானே தவறு, நல்ல கருவி என்று நீங்கள் சொல்லுவீர்கள். முப்பது லட்சத்தில் நூற்றுக்கு ஒன்று எவ்வளவு? முப்பதாயிரம். கருவி அலறிய 30,003 பேரில் உண்மையான தீயவர் மூவர். அதாவது கருவி உங்களைப் பார்த்து அலறினால், நீங்கள் தீயவராக இருக்கும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்று!

இந்த விடை பெரிய படிப்புப் படித்தவர்களையும் திகைக்க வைப்பது. தேடும் பொருள் மிக அரிதாக இருக்கும்போது, எவ்வளவு நல்ல கருவியும் பெரும்பாலும் பொய்யாகவே அலறும். அரிய நோய்களுக்கான இரத்தப் பரிசோதனையிலும் இதே கணக்குதான். மருத்துவர் ஒரு சோதனையோடு நிறுத்தாமல் வேறு ஒன்றைச் செய்யச் சொல்வது இதனாலேயே.

இரண்டாம் சோதனை ஏன் என்பதும் இப்போது விளங்கும். முப்பதாயிரம் நல்லவர்களையும், அதே அளவு திறமையுள்ள வேறொரு கருவியால் சோதித்தால் முந்நூறு பேர் மிஞ்சுவர். மூன்றாவதால் மூன்று பேர். ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. மூன்று கருவிகளும் மூன்று வகையாகத் தவறு செய்யவேண்டும். உரம் பட்ட கையைத் துணியால் மூன்று முறை தடவினால் மூன்று முறையும் அலறும், பயனில்லை. ஆகவேதான் ஒன்று உலோகத்தைப் பார்க்கிறது. ஒன்று அணு எண்ணைப் பார்க்கிறது. ஒன்று மூலக்கூற்றைப் பார்க்கிறது. கடைசியில் ஒரு மனிதன் பையைப் பிரித்துக் கண்ணால் பார்க்கிறான். கூடுதல் சோதனை என்பது குற்றம் சாட்டுவது அன்று. பொய் அலறல்களைக் களைவது. இதை அதிகாரிகள் பயணிக்கு இரண்டு வாக்கியத்தில் சொன்னால் பாதி மனத்தாங்கல் தீரும். சொல்வதில்லை என்பது என் குறை.

பழனிசாமியும் பால்மிசானோவும்

மூன்றாம் வழி, பெயர்ப் பட்டியல். இதில்தான் தமிழர்களாகிய நமக்குத் தனித் தொல்லை. ஐயத்துக்குரியவர்களின் பட்டியலோடு பயணியின் பெயரைக் கணிப்பொறி ஒப்பிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஓரெழுத்தை மாற்றி எழுதி எவரும் தப்பிவிடலாம். ஆகவே ஒலியால் ஒத்த பெயர்களையும் பிடிக்கவேண்டும். அதற்கு அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டே ஒருவர் காப்புரிமை பெற்ற பழைய வழி, 'சவுண்டெக்ஸ்' என்பது. இன்றைய கணிப்பொறிகள் இதைவிட நுட்பமான முறைகளையும் கையாளுகின்றன என்றாலும், அடிப்படையைப் புரிந்துகொள்ள இது போதும்.

பெயரை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் எழுத்தை அப்படியே வையுங்கள். மற்றவற்றில் உயிரெழுத்துகளையும், எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் தள்ளிவிடுங்கள். எஞ்சியவற்றுக்கு எண் இடுங்கள். பி (இருவகையும்), எஃப், வி: 1. சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இசட்: 2. டி (இருவகையும்): 3. எல்: 4. எம், என்: 5. ஆர்: 6. ஒரே எண்ணுள்ள எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒரு முறை மட்டும் எழுதுங்கள். மூன்று எண்கள் சேர்ந்ததும் நிறுத்துங்கள். குறைந்தால் சுழியம் இட்டு நிரப்புங்கள்.

கொங்கு நாட்டில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர் பழனிசாமி. 'எல்' இட்டு எழுதினால் பி. பிறகு எல்லுக்கு 4, என்னுக்கு 5, எஸ்ஸுக்கு 2. குறி, பி-452. பழனிஸ்வாமி என்று டபிள்யூ சேர்த்து எழுதினாலும் பி-452. இதுவரை நன்று. இப்போது 'பால்மிசானோ' என்னும் இத்தாலியக் குடும்பப் பெயரைப் போட்டுப் பாருங்கள். எல் 4, எம் 5, எஸ் 2. அதுவும் பி-452! எங்கோ இத்தாலியில் இருக்கும் ஒருவரும் நம்மூர்ப் பழனிசாமியும் இந்த முறையின் கண்ணுக்கு ஒருவரே. ஆனால் அதே பழனிசாமி, 'ழ'கரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டு எழுதினால், பி-252 ஆகிவிடுகிறார். தன் பெயரே தனக்கு அந்நியம்! வேற்றார் ஒருவராகவும், ஒருவர் இருவராகவும் ஆவது இப்படித்தான்.

இத்துடன் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கடவுச் சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியாதவர்' என்னும் பொருளுள்ள மூன்றெழுத்துக் குறியை அச்சிடுவார்கள். ஐம்பது ஆண்டாக ஊரறிந்த மனிதர், விசாவில் பெயர் தெரியாதவர்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணியரை ஏற்க மறுத்தபோது கோவையிலிருந்து சார்ஜா செல்வோர் பலர் கலங்கினர். கடவுச் சீட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

பெயர் ஒற்றுமையால் அடிக்கடி நான்கு எழுத்துகள் பெறுபவர், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு விண்ணப்பித்து ஒரு தீர்வு எண் பெறலாம். இவ்வசதி 2007 முதல் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போது அவ்வெண்ணைக் கொடுத்தால், 'நான் அவரல்லன்' என்பதைக் கணிப்பொறி முன்கூட்டியே அறிந்துகொள்ளும். குலுக்கலில் வந்த எழுத்துகளை அது தடுக்காது.

உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பெயர்களுக்கும் சவுண்டெக்ஸ் குறி எழுதிப் பாருங்கள். உங்கள் குறியையே கொண்ட வேறொருவர் வகுப்பில் இருக்கிறாரா? பிறகு உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுத முடியுமோ அத்தனைக்கும் குறி கண்டு, கடவுச் சீட்டு எடுக்கும் நாளில் எதை எழுதப்போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள்.